சாவி உள்ளே, நீங்கள் வெளியே: பூட்டுக்காரர் வருவதற்கு முன்னும் பின்னும்

முதலில் அடுப்பைப் பாருங்கள். உள்ளே அடுப்பு எரிகிறது, கைக்குழந்தை தனியாக இருக்கிறது, எழுந்து வர முடியாத பெரியவர் இருக்கிறார் என்றால் பூட்டுக்காரரைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். 112 அல்லது 101-ஐ அழையுங்கள்; தீயணைப்பு வீரர்கள் இதற்கும் வருவார்கள். இஸ்திரிப் பெட்டியோ ஹீட்டரோ ஓடிக்கொண்டிருந்தால், கீழே ஈபி மீட்டர் இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிடலாம். கதவிடுக்கில் கேஸ் நாற்றம் வந்தால் மட்டும் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், காலிங் பெல்லையும் அழுத்தாதீர்கள். அக்கம்பக்கத்தாரை விலக்கிவிட்டு, தள்ளி நின்று, கேஸ் கசிவுக்கான அவசர எண்ணான 1906-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து சன்ஷேட் வழியாகத் தாவும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் ஒரே கேள்வி: கதவு சாத்திக்கொண்டதா, பூட்டியிருக்கிறதா? செலவு, நேரம், சேதம் எல்லாம் இதைப் பொறுத்தவை. நைட் லாட்ச் (சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு) போட்ட கதவு காற்றில் அறைந்து சாத்தினால், சாய்வாக வெட்டிய ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான் நிலையில் போய் விழுந்திருக்கும். விஷயம் தெரிந்தவர் இதைத் துளை போடாமலே பெரும்பாலும் திறந்துவிடுவார். சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டு வெளியில் தொலைத்திருந்தால் கதை வேறு: அப்போது நாக்கு பின்னால் நகராது, அல்லது தனி போல்ட்டுகள் நீண்டிருக்கும். ஃபோனில் இதைத் தெளிவாகச் சொல்லி, பூட்டின் படத்தையும் அனுப்புங்கள்.

ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகும் வித்தை நம் கதவுகளில் அரிதாகவே பலிக்கும். நம் வாசல் கதவுகள் உள்பக்கம் திறப்பவை; நிலையில் வெட்டியிருக்கும் படி இடுக்கை மறைத்துக்கொள்ளும். நைட் லாட்ச்சோ கதவின் உள்முகத்தில் இருக்கிறது. கார்டு படியைச் சுற்றி, கதவின் முழு கனத்தையும் தாண்டி அங்கே வளைந்து போக வேண்டும். பாதி வழியில் ஒடிந்தால் அந்தத் துண்டையும் எடுக்க வேண்டிய வேலை சேரும்.

சாவி பூட்டுக்குள் உடைந்துவிட்டால் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்காதீர்கள். பசை உள்ளே வழிந்தால் உருளையையே, அதாவது சாவி நுழைந்து திரும்பும் பாகத்தையே, மாற்ற வேண்டியதுதான். சாவி செருகும்போது இருந்த நிலைக்கே உருளை திரும்பியிருந்தால்தான் துண்டு வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் உள்ளிருக்கும் பின்கள் அதை விடாது. உடைந்த இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் புதுச் சாவி வெட்ட முடியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதிப் பூட்டு திரும்பாமல் நிற்பதும் உண்டு. கதவைக் கைப்பிடி பக்கம் உங்களை நோக்கி இறுக இழுத்தோ, தூக்கியோ பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; தூசியைச் சேர்த்து அடுத்த மாதமே அடைத்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி போதும்.

குழந்தை படுக்கையறைக்குள் உருண்டைக் குமிழ் பூட்டைப் போட்டுக்கொண்டால் வெளிக் குமிழின் நடுவே பாருங்கள். சிறு துளை இருந்தால் மெல்லிய, வளையாத கம்பியை நேராக உள்ளே அழுத்துங்கள். கீறல் மாதிரி இருந்தால் நாணய விளிம்பை வைத்துத் திருப்புங்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தால் இது உதவாது.

டிஜிட்டல் பூட்டு செத்துப் போனால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். வெளிப்பக்கப் பலகையின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகளோ, யுஎஸ்பி துளையோ இருக்கும். புள்ளிகள் என்றால் 9 வோல்ட் பேட்டரியை அழுத்திப் பிடித்தபடியே எண்ணைப் போடுங்கள்; கையை எடுத்தால் மின்சாரம் போய்விடும். யுஎஸ்பி என்றால் பவர் பேங்க் போதும். உள்ளே போனதும் எல்லாப் பேட்டரிகளையும் ஒரே நேரத்தில், அல்கலைன் வகையாக மாற்றுங்கள்.

திண்டுக்கல் பூட்டு போன்ற லீவர் வகைத் தொங்கு பூட்டு என்றால், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுவதைவிடக் கொண்டியை அறுப்பது பெரும்பாலும் மலிவு. கட்டிங் மெஷின் பொறி பறக்கும். கதவுத் திரை, மிதியடி எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள்.

இனி பூட்டுக்காரர். இணையத்தில் முதலில் தெரியும் எண்ணைவிட, வாட்ச்மேனோ அசோசியேஷன் செயலாளரோ சொல்லும் தெருமுனை சாவிக் கடைக்காரர் மேல். வருவதற்கு முன்பே மூன்று தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வந்து போகும் கூலி (இரவானால் எவ்வளவு), சேதமில்லாமல் திறக்க எவ்வளவு, துளை போட்டுப் புதுப் பூட்டு மாட்ட எவ்வளவு. குறைந்த தொகை சொல்லி வந்து, கதவைப் பார்த்ததும் டிரில்லை எடுப்பவர்கள் உண்டு. வெறுமனே சாத்திக்கொண்ட கதவுக்கு முதல் வேலையே துளை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். துளை தவிர்க்க முடியாதபோதும் உருளையை மட்டும்தான் துளைக்க வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால் நிலையே பிளந்துவிடும்.

நல்ல பூட்டுக்காரர் உங்களிடம் அடையாளம் கேட்பார், கோபிக்காதீர்கள். ஆதார் உள்ளே மாட்டியிருந்தால் டிஜிலாக்கரில் காட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். வாடகை வீடானால் துளை போடும் முன் உரிமையாளருக்கு ஒரு வார்த்தை.

சாவி உள்ளேயே இருந்தது என்றால் பூட்டை மாற்றத் தேவையில்லை. முகவரி தெரியும் எதோடாவது சாவி தொலைந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். முழுப் பூட்டும் வேண்டாம், உருளை போதும். கதவுக்குள் பதித்த மார்ட்டிஸ் வகையில் உருளையைப் பிடித்திருக்கும் திருகின் துளை மையத்திலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்: 30-30, 35-35 என்று. அளவு தவறி உருளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடலாம். கூடுதல் சாவியில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். குப்பை வைக்கப் போகும்போது நைட் லாட்ச்சின் உள்பக்கப் பொத்தானைத் தள்ளி, நாக்கை உள்ளேயே நிறுத்திவிட்டுப் போங்கள்.