சக்கர நாற்காலி வீரரைப் பழக்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, விபத்துக்குப் பிறகு பந்தய நாற்காலியில் ஏறியவரை வீட்டார் நோயாளியாகவே பார்ப்பார்கள். அவரும் பயிற்சியை பிசியோதெரபியின் தொடர்ச்சி என்றே நினைத்தால் பந்தய நேரம் குறையாது. 2001-இல் ஒரு காலை இழந்த தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை நத்தாலி டு டாய், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கி.மீ. நீச்சலில் 16-வதாக வந்தார். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் புதியவருக்கு அதைவிடத் தன் சொந்தக் கணக்குதான் உதவும்.

முதல் வாரமே விளையாட்டு அடையாள அளவுகோலைக் கொடுங்கள்; ஒருவர் தன்னை எவ்வளவு தூரம் வீரராகக் காண்கிறார் என்று அளக்கும் கேள்வித்தாள் அது. அதன் சுருக்க வடிவத்தில் 7 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 மதிப்பெண். மொத்தம் 7 முதல் 49. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தன்னை வீரராகக் கருதுகிறாரா என்ற வாக்கியத்துக்கு 2 போட்டால், கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். தூரம், நேரம், 30 நொடியில் சக்கரத்தை எத்தனை முறை தள்ளினார், எவ்வளவு கஷ்டம் (0 முதல் 10) என்று அவரே எழுதட்டும். அடிபட்டால் மனம் உடைந்துபோகும் என்பதற்கு 7 போட்டால் அதுவே எச்சரிக்கை. நேரம் குறிப்பது, புதியவர்களுக்குக் கையுறை மாட்டக் கற்றுத்தருவது போன்ற வேலைகளை இப்போதே கொடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வாக்கியங்களை மறுபடி கொடுங்கள். தோற்ற மறுநாள் மட்டும் வேண்டாம்.

கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்கு இதயத்துடிப்புக் கடிகாரத்தைக் கட்டாதீர்கள். இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புவழி அறுந்திருப்பதால், முழு மூச்சாகத் தள்ளினாலும் துடிப்பு பெரும்பாலும் 110–130-ஐத் தாண்டாது. கடிகாரம் "லேசான பயிற்சி" என்று காட்டும். நன்றாக உழைத்தவர் தன்னையே சோம்பேறி என்று எண்ணிவிடுவார். நோட்டில் அவர் எழுதும் கஷ்ட எண்ணையே நம்புங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே அவருக்கு வியர்வையும் சரியாக வராது. டர்பனின் ஜனவரி புழுக்கத்தில் அதிகாலையில் பழகுங்கள், முகத்திலும் கைகளிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், தலை சுற்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். காவடிக்கு விரதம் இருப்பவருக்கு அந்த நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம். பருப்பும் தயிரும் போதிய அளவு சாப்பிடட்டும்.

அதிகம் கெடுவது தோள்பட்டை. பந்தயத்துக்கும் அதே தோள், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும் அதே தோள். ஒவ்வொரு தள்ளும் பயிற்சிக்குப் பிறகும் ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சி 15 முறை வீதம் 3 சுற்று. இரவில் வலி எழுப்பினால் தள்ளுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாட்களிலும் அவர் மைதானத்துக்கு வரவேண்டும். முன்பே கொடுத்து வைத்த வேலை இப்போதுதான் கைகொடுக்கும்.

உடல் இயக்கத்தைப் பார்த்து வீரர்களைப் பிரிக்கும் போட்டி வகைப்பாடு மாறக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டி53 என்ற பிரிவிலிருந்து டி54-க்கு மாற்றினால், உடற்பகுதித் தசை ஓரளவோ முழுதுமோ இயங்குபவர்களோடு போட்டி. நேற்று முதலிடம் தந்த அதே நேரம் இன்று கடைசியாகலாம். அன்று நோட்டைத் திறந்து, போன மாத நேரத்தின் பக்கத்தில் இந்த மாத நேரத்தை எழுதச் சொல்லுங்கள்.