காரணமே இல்லாம சிரிக்கப் பழகுறது எப்படி? முதல் 15 நிமிஷத்துக்கான செய்முறை

மனசு சரியானா சிரிப்பு தானா வரும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், மனசும் சரியாகல சிரிப்பும் வரல. அப்புறம்தான் இதை தலைகீழா செய்யலாம்னு தெரிஞ்சது, முதல்ல உடம்பை சிரிக்க வைக்கணும், மனசு பின்னாடி மெதுவா வந்து சேரும் (சில நாள் வராது, அதுவும் ஓகேதான்).

இதுக்கு ஜோக் எல்லாம் தேவையே இல்ல. 1995ல மும்பைல மதன் கட்டாரியான்னு ஒரு டாக்டர் பார்க்ல 5 பேரை வச்சு சிரிப்பு கிளப் ஆரம்பிச்சார், ஒருத்தர் நடுவுல நின்னு ஜோக் சொல்லணும் மத்தவங்க சிரிக்கணும், அவ்ளோதான் பிளான். ரெண்டு வாரத்துக்குள்ள நல்ல ஜோக் எல்லாம் காலி, மிச்சம் இருந்தது ஆபாச ஜோக்கும் அடுத்தவங்கள மட்டம் தட்டுற ஜோக்கும்தான், கேட்டவங்க முகம் சுளிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சரி ஜோக்கே வேணாம், சும்மா சிரிச்சு பார்ப்போம்னு மாத்தினார், இன்னைக்கு சிரிப்பு யோகான்னு பல நாட்டுல செய்றது அதுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. வயித்துல ஆபரேஷன் செஞ்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு, ஹெர்னியா இருக்கு, கட்டுக்குள்ள வராத பிபி, வலிப்பு, கர்ப்பம், இதுல எது இருந்தாலும் டாக்டரை கேட்டுட்டு செய்ங்க. வயிறு குலுங்க சிரிக்கும்போது வயித்துக்குள்ள அழுத்தம் நிஜமாவே ஏறும்.

படி 1: நேரம்
காலைல எழுந்ததும் வெறும் வயித்துல பெஸ்ட். முடியலைன்னா சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு. வெளிச்சம் வர்ற ஜன்னல் பக்கமா நில்லுங்க, காலை வெளிச்சம் கண்ணுல பட்டாதான் உடம்போட கடிகாரம் சரியா ஓடும், ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும்.

படி 2: மூச்சு (2 நிமிஷம்)
மூக்கு வழியா 4 எண்ற வரைக்கும் உள்ள இழுங்க, 6 இல்லைன்னா 8 எண்ற வரைக்கும் வெளிய விடுங்க. வெளிய விடுறதுதான் நீளமா இருக்கணும், ஏன்னா அப்போதான் மூளைல இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும். யோசிச்சு பார்த்தா சிரிப்பே என்ன, வெட்டி வெட்டி வெளிய விடுற மூச்சுதானே. ஒரு ‘ஹா’வுக்கும் அடுத்த ‘ஹா’வுக்கும் நடுவுல சுமார் 0.2 செகண்ட்தான் இருக்கும்னு அளந்தே பார்த்திருக்காங்க, அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட 5 ‘ஹா’.

படி 3: கைதட்டல் (2 நிமிஷம்)
விரலும் விரலும் உள்ளங்கையும் உள்ளங்கையும் சேர்ற மாதிரி தட்டிக்கிட்டே “ஹோ ஹோ, ஹா ஹா ஹா”ன்னு சொல்லுங்க. சிரிக்கவே வேணாம், சொன்னா போதும். கூச்சமா இருக்கும், எனக்கு மூணு நாள் இருந்துச்சு.

படி 4: நடிப்பு (7 நிமிஷம்)
முக்கியமான இடம் இதுதான், இங்க அவசரப்படாதீங்க. கைல இல்லாத போனை காதுல வச்சுக்கிட்டு எதிர்ல ஒருத்தர் ஏதோ செம காமெடி சொல்ற மாதிரி சிரிங்க. அடுத்து, கைல ஒரு பெரிய பில் வந்த மாதிரி அதை பார்த்து பார்த்து சிரிங்க (மாசக் கடைசில இது நடிப்பாவே இருக்காது). அப்புறம் வாயை அகலமா திறந்து சத்தமே இல்லாம சிரிங்க, ஆனா மூச்சை மட்டும் அடக்காதீங்க. ஒவ்வொண்ணும் ஒரு 30, 40 செகண்ட், நடுவுல ரெண்டு ஆழமான மூச்சு, திரும்ப முதல்ல இருந்து.

புதுசா செய்றவங்க எல்லாரும் பண்ற தப்பு தொண்டைல இருந்து சிரிக்கிறது. நானும் முதல் நாள் அப்படி செஞ்சு கடைசில இருமல்தான் வந்துச்சு. ஒரு கையை தொப்புள் மேல வைங்க, ஒவ்வொரு ‘ஹா’வுக்கும் வயிறு உள்ள போகணும், போகலைன்னா சத்தத்தை பாதியா குறைங்க. தலை சுத்தினா உடனே உக்காந்துடுங்க.

பொய்ச் சிரிப்பு நிஜமா மாறிடுச்சான்னு கண்டுபிடிக்க கண்ணாடி போதும். உதட்டை மேல இழுக்கிற தசை நாம சொன்னா கேக்கும், கண்ணைச் சுத்தி இருக்கிற தசை அவ்ளோ சுலபமா கேக்காதுன்னு 1862லயே துஷென்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதி வச்சிருக்கார். கண்ணோரம் சுருங்க ஆரம்பிச்சா வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

படி 5: சும்மா இருங்க (4 நிமிஷம்)
படுத்துக்கோங்க, கண்ணை மூடிக்கோங்க. சிரிப்பு வந்தா வரட்டும். இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா போனை எடுக்காதீங்க ப்ளீஸ்.

நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு ஆளை சேர்த்துக்கோங்க. தனியா இருக்கிறதைவிட கூட ஆள் இருக்கும்போது நாம 30 மடங்கு அதிகமா சிரிக்கிறோம்னு சிரிப்பையே ஆராய்ச்சி பண்ணின ராபர்ட் ப்ரொவைன் சொல்லியிருக்கார். என் கதைல அது தானா நடந்துச்சு, உள்ள நான் போட்ட சத்தத்தை கேட்டு “என்னங்க ஆச்சு?”ன்னு கதவை திறந்துட்டு வந்தாங்க வீட்டுக்காரம்மா, வெறுங்கையை காதுல வச்சுட்டு நின்ன என்னையும் அவங்க முகத்தையும் நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. அன்னைக்கு வந்த சிரிப்புக்கு நடிப்பே தேவைப்படல, அடுத்த நாள்ல இருந்து அவங்களும் பார்ட்னர்.

இதை மட்டும் செஞ்சா போதுமான்னா போதாது. வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் வேகமா நடக்கணும், ராத்திரி 7 மணி நேரமாவது தூங்கணும், தூக்கம் கெட்ட மறுநாள் எனக்கு எந்த சிரிப்பும் ஏறாது. அப்புறம் இது மருந்துக்கு பதில் இல்ல, ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே பிடிப்பு இல்லாம மனசு இருட்டாவே இருந்தா சிரிச்சு சமாளிக்கப் பார்க்காம டாக்டர்கிட்ட போங்க.

ஒரு நாள் சுத்தமா முடியலைன்னா படி 2 மட்டும் செஞ்சுட்டு எழுந்து வேலையை பாருங்க, நாளைக்கு மறுபடி அந்த இல்லாத போன்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்.