போட் மோட்டார்ல ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்கா? புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஃபியூஸ் போச்சுன்னா புதுசு மாட்டுவோம், அதுவும் போச்சுன்னா 20 ஆம்ப் இருந்த எடத்துல 30 மாட்டிப் பாப்போம்னு தோணும், அதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஃபியூஸ் இருக்கிறதே வயரைக் காப்பாத்தத்தான். பெரிய ஃபியூஸ் போட்டா அதுக்குப் பதிலா வயர் உருகும், பக்கத்துலயே பெட்ரோல் இருக்கு, தண்ணி நடுவுல தீ புடிச்சா எறங்கி ஓட முடியாது.

முதல்ல மோட்டார் மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை போற வரைக்கும் காத்தாட விடுங்க. அப்புறம் பேட்டரில நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க.

இப்ப போன ஃபியூஸை வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. உள்ள கருகி, உலோகம் தெறிச்ச மாதிரி இருந்தா நேரடி ஷார்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம். கம்பி நடுவுல மட்டும் அமைதியா உருகி விட்டிருந்தா ஓவர்லோடு, அதாவது ஏதோ ஒன்னு அளவுக்கு மேல கரண்ட் இழுக்குது, குப்பை சிக்கி சுத்தாம நிக்கிற பில்ஜ் பம்ப் (படகுக்குள்ள சேர்ற தண்ணியை வெளிய எறைக்கிற பம்ப்) மாதிரி.

எப்ப போகுதுன்னும் கவனிங்க. சாவியே போடாம போனா பேட்டரிலேர்ந்து சாவி வரைக்கும் வர்ற லைன், இல்லனா ரெக்டிஃபையர் (மோட்டார் ஓடும்போது வர்ற கரண்டை பேட்டரி சார்ஜ் ஆகுற மாதிரி மாத்தித் தர்ற பாகம்). பேட்டரில பிளஸ், மைனஸை ஒரு தடவை மாத்திக் கொடுத்தாலே ரெக்டிஃபையர் டயோடு ஷார்ட் ஆகிடும், அதனால சமீபத்துல பேட்டரி கழட்டி மாட்டினீங்களான்னு யோசிங்க. சாவி போட்டதும் போனா இக்னிஷன், மீட்டர் பக்கம். போட் மோட்டாரை மேல தூக்கி எறக்குற டில்ட் பட்டனை அழுத்தும்போது மட்டும் போனா அந்த டில்ட் மோட்டாரும் அதோட ரிலேவும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச வழி. ஒவ்வொரு ஃபியூஸா போட்டு எரிக்காம, 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்னுல ரெண்டு வயர் சேத்து ஃபியூஸ் இருக்கிற எடத்துல மாட்டிட்டு, மறுபடி பேட்டரியைக் கொடுங்க. ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஆனா ரெண்டு ஆம்புக்கு மேல போகாதுங்கறதால வயருக்கு ஒன்னும் ஆகாது. பல்பு எரியும்போதே வயர்க் கட்டை ஒரு முனைலேர்ந்து மெதுவா அசைச்சுக்கிட்டே வாங்க, பல்பு மங்குற எடம்தான் உங்க எடம். அசைச்சும் மங்கலைனா ரெக்டிஃபையர், பம்ப்னு ஒவ்வொரு கனெக்டரா கழட்டுங்க, எதைக் கழட்டும்போது அணையுதோ அது. லேசா மங்கலா எரிஞ்சா பயப்படாதீங்க, சாதாரணமா ஓடுற லோடா இருக்கலாம்.

நான் தேடினப்ப பெரும்பாலும் கெடைச்சது மோட்டாருக்குள்ள வயர் நுழையுற ரப்பர் வளையத்துக்கிட்டதான். ஸ்டீயரிங் திருப்பத் திருப்ப, அதிர அதிர, வயர் மேல்தோல் உரசித் தேஞ்சு செம்பு தெரியும், அதுல பச்சையா தூள் பூத்திருக்கும்.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு டின் பூசுன வயர் வச்சு கிரிம்ப் பண்ணி (இணைப்பை இடுக்கியால நசுக்கி இறுக்கி), உள்ள பசை இருக்கிற, சூடு பண்ணா சுருங்கிப் புடிச்சுக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க. வெறும் டேப் சுத்தினா உப்புத்தண்ணி உள்ள போயிடும். உரசுன எடத்துக்கு ஒரு உறையும் போடுங்க.

கடைசியா சரியான ஆம்ப் ஃபியூஸை மாட்டி எல்லாத்தையும் ஒவ்வொன்னா ஓட்டிப் பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாத்தா சுடுதுன்னா உள்ள துரு புடிச்சு லூஸா இருக்கு, ஹோல்டரையும் மாத்திடுங்க.