நான்கே வாக்கியங்களில் ஒரு கட்டுரையை அலசுவது எப்படி?

ஒரு கட்டுரையைக் கொடுத்து 'ஆசிரியரின் வாதத்தையும் உத்திகளையும் பற்றி ஒரு பத்தி எழுது' என்றால், பலரும் சுருக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மார்கரெட் வுட்வொர்த் 1988-இல் முன்வைத்த நான்கு வாக்கிய அமைப்பு இதற்கு நல்ல பிடிமானம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

முதலில் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஆசிரியர் அங்கே என்ன செய்கிறார் என்று குறியுங்கள்: 'வெளியாள் என்ற குற்றச்சாட்டை மறுக்கிறார்', 'சான்று அடுக்குகிறார்'. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் முதல் வாக்கியம்: யார், எப்போது, எதில், என்ன வாதிடுகிறார்.

'1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், அநீதியான சட்டத்தை அகிம்சை வழியில் வெளிப்படையாக மீறுவது நியாயமே என்று மார்ட்டின் லூதர் கிங் வாதிடுகிறார்.'

'இனவெறி பற்றிப் பேசுகிறார்' என்று எழுதினால் அதை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாதது வாதமல்ல, வெறும் தலைப்பு.

இரண்டாவது வாக்கியம்தான் கடினம். வாதத்தை எப்படி நிறுவுகிறார்? போராட்டத்துக்கு இது நேரமல்ல என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு கிங் எழுதிய பதில் இது. அந்த எட்டுப் பேரில் கத்தோலிக்க ஆயரும் உண்டு, யூத ரபியும் உண்டு. கிங் துணைக்கு அழைப்பதோ கிறித்தவ இறையியலாளர்களான அகஸ்டின், அக்வினாஸ், யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர். எதிரில் இருப்பவர்களால் தள்ளிவிட முடியாத பெயர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்! 'காத்திருங்கள்' என்பதற்குப் பதில் சொல்லும் இடத்தில் கொடுமைகளை ஒரே நெடிய வாக்கியத்தில் அடுக்குகிறார். கேளிக்கைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள் என்று கேட்டு அழும் ஆறு வயது மகளும் அதில் வருகிறாள். முற்றுப்புள்ளி எப்போது வரும் என்று படிப்பவரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சரி, சுருக்குவோம்:

'எதிர்த்தரப்பு மதிக்கும் சிந்தனையாளர்களைக் கொண்டே நியாயமான சட்டத்தையும் அநீதியான சட்டத்தையும் பிரித்துக் காட்டும் அவர், காத்திருக்கச் சொல்வதன் கொடுமையை நீண்ட வாக்கிய அடுக்கால் உணர வைக்கிறார்.'

மூன்றாவது, நோக்கம்: 'பொறுத்திருக்கச் சொல்வதும் அநீதிக்குத் துணைபோவதே என்று அவர்களை உணரச் செய்வது அவர் நோக்கம்.'

நான்காவது, வாசகரும் தொனியும்: 'எட்டுப் பேரை விளித்தாலும், நோக்கம் சரி வழிதான் தவறு என்று ஒதுங்கி நிற்கும் மிதவாத வெள்ளையர் அனைவரிடமும் மரியாதையும் ஏமாற்றமும் கலந்த தொனியில் பேசுகிறார்.'

எழுதி முடித்ததும் 'அருமையான', 'ஆழமான' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். பாராட்டு இங்கே யாரும் கேட்கவில்லை. பிறகு இரண்டாவது வாக்கியத்தை மட்டும் தனியே படியுங்கள். வேறொரு கட்டுரைக்கும் அது அப்படியே பொருந்தினால், ஓரக்குறிப்புகளுக்குத் திரும்பிப் போய் அதை மாற்றி எழுதுங்கள்.