வக்கீல் நோட்டீஸ் வந்ததும் முதலில் நிறுத்த வேண்டியது எது?

ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்தபோதுதான் அது நடந்தது. சரக்கு வாங்கிய ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ் அனுப்பலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த சமயம். அவர் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான்கள் இருந்த பாக்ஸ் ஃபைல், 'பழசு' மூட்டையோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. பில் கையில் இருந்தது. சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. கணக்கு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வழக்கு வரும் என்று தெரிந்ததும், அது சம்பந்தப்பட்ட எதையும் அழிக்காமல் நிறுத்திவைப்பதைத்தான் 'லீகல் ஹோல்ட்' என்கிறார்கள். கோர்ட்டில் நம்பர் விழும்வரை காத்திருக்கக் கூடாது. தகராறு வாசம் அடித்த நாளே தொடங்குங்கள்.

முதலில் வழக்கமான கெடு

சாதாரண நாளில் எதை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எதை நிறுத்துகிறோம் என்பது புரியும். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24க்குக் கடைசித் தேதி 31.12.2024, ஆகவே 31.12.2030 வரை. கம்பெனியாக இருந்தால் கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டுகள்.

அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னது நிற்காது. யாரோடு தகராறு, எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, எதைத் தொடக் கூடாது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். குடோன் பொறுப்பாளர், பில் போடுபவர், டிரைவர், கம்ப்யூட்டர் பார்ப்பவர், துப்புரவு செய்யும் அக்கா எல்லோருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் மூட்டையைக் கட்டியவருக்கு யாருமே எதையும் சொல்லியிருக்கவில்லை.

தானாக அழிவதை நிறுத்துங்கள்

பீரோவைப் பூட்டுவது சுலபம். ஆபத்து, யாரும் தொடாமலே அழிகிறவற்றில்தான் இருக்கிறது. சிசிடிவி பெட்டியில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சி மேல் புதியது பதிந்துவிடும். லோடு ஏறிய நாளின் பதிவை உடனே வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதியை அணையுங்கள். பேசிய போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நம்பாதீர்கள்; போனே அசல். வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பை அடுத்தவருக்கு ஃபார்மட் செய்து கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். டேலி பேக்கப்பைப் பழையதன் மேலேயே எழுதாமல் தேதி போட்டுத் தனியாக வையுங்கள்.

1.7.2024 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் என்ற மென்பொருள் இருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்தே எஸ்ஹெச்ஏ-256 என்ற வகை ஹாஷை எடுக்கலாம். நகல் எடுத்த நாளே எடுத்து, எடுத்தவர் பெயரோடு நோட்டில் குறியுங்கள்.

நமக்குப் பாதகமான கடிதமும் இருக்கும். அதையும் வைத்துத்தான் ஆக வேண்டும். கோர்ட்டில் காட்டவிடாமல் செய்யும் நோக்கத்தோடு ஆவணத்தை அழித்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. இருந்தும் காட்டவில்லை என்றால், அது நமக்கு எதிராகத்தான் இருக்கும் என்று நீதிபதி ஊகிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

எப்போது விடுவிப்பது?

தீர்ப்பு வந்த அன்று அல்ல. சிவில் வழக்கில் ஹைகோர்ட் அப்பீலுக்கு 90 நாள், மற்ற கோர்ட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஜிஎஸ்டி தகராறு என்றால் இறுதி முடிவுக்குப் பிறகு ஓராண்டு, அல்லது அந்த 72 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வக்கீலிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, வழக்கமான கெடுவும் முடிந்திருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் விடுவித்த தேதியைப் போடுங்கள். அப்புறம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாம். கையெழுத்தும் ஆதார் நகலும் உள்ள தாள்களை மட்டும் அதற்கு முன் கிழித்துவிடுங்கள்.