டுரியான் மரத்தை வைத்துப் பருவநிலை மாற்றத்தைக் கவனிப்பது எப்படி

பினாங்குத் தீவில் பாலிக் பூலாவ் பக்கம் யாரைக் கேட்டாலும் டுரியான் முன்ன மாதிரி இல்லை என்பார்கள், ஆனால் போன வருடம் எந்தத் தேதியில் பூத்தது என்று கேட்டால் பதில் வராது. அந்தத் தேதிதான் நமக்கு வேண்டும். டுரியான் பூக்க ஒன்றிரண்டு வாரமாவது மழை விட்டு மண் காய வேண்டும், அதனால் வெயிலும் மழையும் தடம் மாறினால் பூவில் தெரிந்துவிடும்.

தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கம்பத்தில், அதாவது கிராமத்தில், சொந்தக்காரர் வீட்டு மரம் இருந்தால் இன்னும் நல்லது, பல வருடம் போய் வர வேண்டிய வேலை இது. நோட்டில் எழுத வேண்டியது: கடைசியாக நல்ல மழை பெய்த நாள், கிளையில் மொட்டு கொத்தாகத் தெரிந்த நாள், பூ விரிந்த நாள், பிஞ்சு நின்ற நாள், முதல் பழம் விழுந்த நாள். பூவுக்கும் பழத்துக்கும் நடுவில் 3, 4 மாதம் ஆகும். பூக்கவே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். பழம் விழும் காலத்தில் மட்டும் மரத்தடியில் நிற்காதீர்கள்.

மழையை அளக்க, அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு டின் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஸ்கேலை விட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. அளந்ததும் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பூ விரிந்த நாட்களில் கனமழை அடித்தால் அடிக்கோடு போட்டு வையுங்கள், பூ கொட்டிப் போகும்.

அப்புறம், ஒரு ராத்திரியாவது அங்கே உட்காருங்கள். டுரியான் பூ சாயங்காலம் விரியும், இருட்டியதும் தேன் குடிக்கும் வௌவால்கள் வந்து முகத்தைப் பூவுக்குள் நுழைத்து, மேலெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் பறக்கும், விடிவதற்குள் இதழெல்லாம் தரையில் கிடக்கும். டார்ச்சைப் பூவின் மேல் அடிக்காதீர்கள். டுரியான் பூக்காத மாதங்களில் இதே வௌவால்கள் கடலோரச் சதுப்புநிலக் காட்டில் வளரும் பெரெம்பாங் மரத்தின் பூவைத் தேடிப் போகின்றன. கடல்மட்டம் ஏற ஏற அந்தக் காடு நிலத்தின் பக்கம் நகர்ந்தாக வேண்டும், பின்னால் ரோடும் கட்டடமும் நின்றால் எங்கே நகரும்? கரையில் காடு அழிந்தால் மலைத்தோட்டத்தில் காய்ப்பும் குறையலாம். அதனால் பெரெம்பாங் பூப்பதையும் அதே நோட்டில் குறியுங்கள்.

ஒரு வருடக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2015-16, 2023-24 மாதிரி எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வந்த வருடங்கள் தனியாகவே வறண்டும் சூடாகவும் இருக்கும், அதை ஓரத்தில் எழுதி வையுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தேதியும் இடமும் பதிவாகும், ஆய்வு செய்பவர்களுக்கும் உதவும். தனியார் தோட்டம் என்றால் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

தோட்டத்தில் வௌவாலைப் பிடிக்க வலை கட்டியிருந்தால், பூவில் காய் பிடிக்க வைப்பதே வௌவால்தான் என்று தோட்டக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மொட்டு விரிவதற்கு முன்பே.