படகை வைத்து மார்க்சியத்தையும் பாசிசத்தையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியில் அரசியல் படிக்கும் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, மார்க்சியம், பாசிசம் ரெண்டுமே சர்வாதிகாரம்தானே? வித்தியாசம்னு என்னத்த எழுதுறது?" இருபது வருடம் விசைப்படகில் பங்குக்குப் போனவன் நான். சங்கத்தில் இருந்தபோது படித்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்ன வழி இது.

முதலில், படகு யாருடையது என்று கேளுங்கள். கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் படகுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம். கடலுக்கே வராத ஓனருக்கு அது ஏன் போகிறது? மார்க்ஸ் தொடங்குவது இந்த இடத்தில்தான். 1867-இல் வந்த 'மூலதனம்' முதல் தொகுதி இந்த உபரி எங்கிருந்து பிறக்கிறது என்பதைத்தான் தோண்டுகிறது. படகும் வலையும் ஐஸ் ஆலையும் உழைப்பவர்களின் பொதுச் சொத்தாக வேண்டும் என்பது மார்க்சியம். பாசிசம் படகை ஓனரிடமே விட்டுவைக்கும். ஓனரும் கூலியாளும் ஒரே தேசத்துப் பிள்ளைகள், சண்டை கூடாது என்று சொல்லி, இருவர் தலைக்கு மேலும் அரசை உட்கார வைக்கும். இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினியின் அரசு 1933-இல் நொடித்த வங்கிகள் கையில் இருந்த கம்பெனிப் பங்குகளை எடுத்துக்கொண்டது உண்மை. அதைப் பொதுவுடைமை என்று எழுதிவிடாதீர்கள். கவிழ இருந்த முதலாளிகளின் தொழிலைத் தூக்கி நிறுத்தத்தான் அது.

அடுத்து, சங்கம் என்ன ஆனது என்று பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. படகைக் கட்டிப்போட்டு வேலைநிறுத்தம் செய்வதைத் தவிர எங்கள் கையில் வேறு என்ன இருக்கிறது? இத்தாலியில் 1926-இல் வேலைநிறுத்தத்தையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பாசிஸ்டுகளின் சங்கம் மட்டும்தான் பேசலாம். ஜெர்மனியில் ஹிட்லர் 1933 மே 1-ஐச் சம்பளத்தோடு விடுமுறையாக்கிப் பெரிய விழா எடுத்தார். மறுநாளே தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் ஆட்களை அனுப்பித் தலைவர்களைப் பிடித்தார். அதற்குச் சரியாகப் பத்து வருடம் முன்னால், 1923 மே 1 அன்று, மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றினார். இந்த இரண்டு மே தினத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள் என்றேன்.

அப்புறம், எதிரி யார்? இலங்கைத் தலைமன்னார்க்காரனின் வலை நம் பக்கத்து இழுவைமடியில் சிக்கி அறுகிறது. அவனும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன், இழுவைப்படகின் லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்பது வர்க்கப் பார்வை. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய 1848 கம்யூனிஸ்ட் அறிக்கை எல்லா நாட்டுத் தொழிலாளரையும் ஒன்றுசேரச் சொன்னது அதனால்தான். நம் கடல், நம் இனம், அவனை விரட்டு என்று கிளப்பிவிட்டு, ஓனர் பேச்சே வராமல் பார்த்துக்கொள்வது பாசிசம்.

பெயரில் ஏமாறாதீர்கள். ஹிட்லர் கட்சியின் பெயரில் 'சோசலிசம்' இருந்தது. முசோலினியே பழைய சோசலிஸ்டுதான். முதல் உலகப் போரில் இத்தாலி இறங்க வேண்டும் என்றதால் 1914-இல் கட்சி அவரை நீக்கியது. ஆட்சிக்கு வந்ததும் யாரைச் சிறையில் போட்டார்கள் என்று பார்த்தால் போதும். இத்தாலியக் கம்யூனிஸ்டுத் தலைவர் கிராம்சி 1926-இல் கைதானார்.

சரி, சோவியத்தில் மட்டும் சங்கம் சுதந்திரமாக இருந்ததா என்று அவன் கேட்டான். இல்லை. ஒரே கட்சி, கட்சிக்கு அடங்கிய சங்கம். ஸ்டாலின் காலத்தில் நிலத்தைக் கட்டாயமாகக் கூட்டுப்பண்ணையாக்கினார்கள். 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். மார்க்சியத்தின் மேல் பிரியம் உள்ளவன் என்றாலும் இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் விடைத்தாளில் கொள்கைக்கு ஒரு பக்கம், அதன் பெயரில் நடந்த ஆட்சிக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முசோலினிக்கும் அப்படியே செய்யுங்கள். அங்கே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். வன்முறையையும் தலைவனுக்குக் கீழ்ப்படிவதையும் அவர்கள் கொள்கையாகவே எழுதி வைத்திருந்தார்கள்.